ஜில்லென்று ஒரு கலர்

ராமலட்சுமி முண்டு மிளகாய் வத்தல் வாங்குகிற அழகைப் பார்க்க அருப்புக்கோட்டை கமிஷன் கடைக்காரர்களே தராசை நிறுத்திவிட்டு வருவார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. ரொம்ப மிகை இல்லை.

களத்தில் விளைய வைத்த சம்சாரி குவித்து வைத்திருக்கும் வத்தலில் ஒன்றே ஒன்றை எடுப்பாள். காதோரம் வைத்துக் குலுக்கி, விதை சலங்கையாய்க் கேட்கிறதா என்று பார்ப்பாள். காம்பைக் கிள்ளி முகர்வாள். அப்புறம் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சும்மா இருப்பாள். நல்லது என்றும் சொல்ல மாட்டாள், சொத்தை என்றும் சொல்ல மாட்டாள். விலை கேட்க மாட்டாள், எழுந்து போகவும் மாட்டாள். சம்சாரிக்கு ஏச்சு தாங்கும், பேச்சு தாங்கும், மூணு வருஷம் மழை பெய்யாவிட்டாலும் தாங்கும். இந்தச் சும்மா மட்டும் தாங்காது. ரெண்டு நிமிஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அவனே ஆரம்பிப்பான்.

"அடிப்பக்கம் லேசா ஈரம் இருக்கத்தான் செய்யும்த்தா. முந்தாநா தூறல் விழுந்துச்சில்ல."

அவ்வளவுதான். அதற்கப்புறம் விலை ராமலட்சுமி சொல்கிற விலை.

அவளுடைய தொழிலுக்கு ரெண்டே வேதம். சரக்கின் நொட்டையை வாங்குகிறவள் சொல்லக் கூடாது, விற்கிறவன் வாயாலேயே வரவழைக்க வேண்டும். இது ஒன்று. கேட்டுப் போகிற இடத்துக்குக் கிழிசலோடு போகக் கூடாது என்பது இன்னொன்று. "இல்லாதவளுக்கு எவன் குடுப்பான்? இருக்கிறவளுக்குத்தான் இன்னுங் கொஞ்சம் குடுப்பான்" என்பாள். கமிஷன் கடையில் முன்பணம் கேட்கப் போகும்போது முத்துப்பேச்சியின் கவரிங் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போவாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வெறுங்கையோடு திரும்பியதில்லை.

இந்த ரெண்டாம் வேதத்தை நம்பித்தான் அரசாங்கத்திடம் போய் மண்ணைக் கவ்வினாள்.

மேல உடங்காடு என்பது திருச்சுழிப் பக்கம் கருவேலங்காட்டுக்கு நடுவில், பஸ்ஸு வந்தால் வரும், வராவிட்டால் வராது என்கிற மாதிரி ஒரு ஊர். அதில் தெற்குத் தெருவில் கடைசி வீடு ராமலட்சுமியுடையது. மண்சுவர், பனையோலைக் கூரை. போன ஐப்பசி மழையில் பின்பக்கச் சுவர் வயிறு தள்ளிவிட்டது. அவள் புருஷன் மொக்கையன் பஞ்சு மில்லில் லோடு இறக்குகிறவன். நூறு கிலோ பொதியை முதுகில் தூக்குவானே தவிர வீட்டுச் சுவரைத் தூக்கத் தெரியாது. பனந்துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்தான். அது முதல் அந்தச் சுவர் பனந்துண்டின் தயவிலும் பனந்துண்டு சுவரின் தயவிலும் நின்றுகொண்டிருந்தன. அடுத்த ஐப்பசியை அது தாண்டாது என்பது ஊருக்குத் தெரியும், மொக்கையனுக்குத் தெரியும், சுவருக்கும் தெரிந்திருக்கும். சுவரை ஒட்டித்தான் வத்தல் மூட்டை அடுக்குவதும், இவர்கள் ரெண்டு பேரும் மகள் சத்யபிரியாவும் படுப்பதும்.

அந்த நேரத்தில்தான் கூரை வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்டிக்கொள்ளப் பணம் கொடுக்கிற திட்டம் வந்தது. மேல உடங்காட்டுக்குப் பன்னிரண்டு வீடு என்று யூனியன் ஆபீஸில் முடிவாகியிருந்தது. சொந்தப் பட்டா இருக்க வேண்டும், ராமலட்சுமிக்கு இருந்தது. கூரை ஓலையாக இருக்க வேண்டும், இருந்தது. சுவர் மண்ணாக இருக்க வேண்டும், இருந்தது, சாய்ந்தவாக்கில். வசதிப்பட்ட குடும்பமாக இருக்கக் கூடாது. அந்தத் தகுதி அவளிடம் மூணு தலைமுறையாக இருந்தது.

"வர்ற வியாழக்கெழம ஓவர்சியர் வீடு பாக்க வாராரு. எல்லாரும் வீட்ல இருங்க" என்று ஊராட்சிக் கிளார்க்கு பால்சாமி தெருவுக்குள் பைக்கை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனார்.

ராமலட்சுமிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவளுடைய மாமனார் காலத்தில் ஆபீஸர் வந்தால் வடக்குத் தெருவில் பாண்டீஸ்வரன் வீட்டோடு சரி. தெற்குத் தெருக்காரர்கள் அங்கே போய் வாசலில் நின்றுதான் மனுக் கொடுப்பார்கள். இப்போது ஓவர்சியர் தன் வீட்டுக்குள்ளேயே குனிந்து வரப் போகிறார். அவர் கண்ணில் அழுக்குப் படலாமா?

புதன்கிழமை முழுக்க வேலை. சுவர் நாலுக்கும் சுண்ணாம்பு அடித்தாள். வயிறு தள்ளின சுவருக்கு ரெண்டு பூச்சு. கூரையில் ஒழுகுகிற இடத்தை மறைக்க அருப்புக்கோட்டையில் பழைய பிளெக்ஸ் போர்டு ஒன்று வாங்கி வந்து மொக்கையனை மேலே ஏற்றி விரித்துக் கட்டச் சொன்னாள். யார் வீட்டுக் காதணி விழாவோ, மீசை வைத்த தாய்மாமன்கள் பதினாறு பேர் வரிசையாகக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மொக்கையன் அவசரத்தில் தலைகீழாகக் கட்டிவிட்டான். பந்தல் கடையிலிருந்து நாலு நாற்காலி வந்தது. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி தன் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மதினி, பொண்ணு பாக்க வாராகளா, வீடு பாக்க வாராகளா?" என்றாள் முத்துப்பேச்சி.

"ரெண்டும் ஒண்ணுதாண்டி. பாத்துப் பிடிச்சாத்தான கைய நனைப்பாக?"

மொக்கையனுக்கு மட்டும் லேசாக உறுத்தியது. "ஏ புள்ள, இல்லைன்னுதான வீடு கேக்குறோம். இம்புட்டு இருந்தா எப்பிடிக் குடுப்பாக?"

"நீ பொதி தூக்குற ஆளு, தூக்கு. வியாபாரம் எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை மத்தியானம் உச்சி வெயிலில் ஓவர்சியர் சதீஸ்குமார் வந்தார். முப்பது வயசு, கையில் செல்போன், முகத்தில் கர்ச்சீப். கூட பால்சாமி, தாளும் பேனாவுமாக. ஓவர்சியர் வீட்டைச் சுற்றி வந்து நாலு மூலையிலும் போட்டோ எடுத்தார். செல்போன் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அதுவாகவே குறித்துக்கொண்டது. வீடு எந்த நிலையில் நிற்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை.

"சார், வெயில்ல வந்திருக்கீக. உள்ள வந்து உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். ஃபேன் சுற்றியது. ராமலட்சுமி கண்ணைக் காட்ட, சத்யபிரியா முத்துப்பேச்சி வீட்டுக்கு ஓடி, அங்கே ஃபிரிட்ஜில் காலையிலிருந்து குளிர வைத்திருந்த ரெண்டு கலர் சோடா பாட்டிலைக் கொண்டுவந்தாள். பாட்டிலெல்லாம் வியர்த்திருந்தது. ஓவர்சியர் ஒரே மூச்சில் குடித்து முடித்து "ஆ" என்றார்.

"நல்லா ஜில்லுன்னு இருக்கும்மா."

"உங்களுக்குன்னே வச்சிருந்தது சார்" என்று பூரித்துப் போனாள் ராமலட்சுமி.

பால்சாமி தாளில் என்னவோ எழுதிக்கொண்டார். வேலைக்காரர், எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார் என்று அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வாசல் வரை வந்து வழியனுப்பினாள். "காரியம் எப்பிடி?" என்று கேட்ட மொக்கையனிடம், "முடிஞ்ச மாதிரிதான்" என்றாள். அதுவும் உண்மைதான்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக் கூட்டத்தில் பட்டியல் வாசித்தார்கள். வேப்பமரத்தடியில் மிட்டாய் கொடுத்து முடிந்ததும் பால்சாமி எழுந்து மளமளவென்று பன்னிரண்டு பெயரைப் படித்தார். ராமலட்சுமி பெயர் அதில் இல்லை. ஒன்பதாவது பெயர் மாதவன், தகப்பனார் பெயர் பாண்டீஸ்வரன்.

மாதவன் மதுரையில் மாடி வீட்டில் இருக்கிறான். கார் வைத்திருக்கிறான். ஊருக்குப் பொங்கலுக்கு வந்தால் உண்டு.

ராமலட்சுமி எழுந்தாள். "கிளார்க்கு சார், மாதவன் தம்பிக்கு இங்க எங்க சார் குடிசை?"

"அவுக அப்பா வீட்டுக்குப் பின்னால தனியா இருக்கு. கூரை வீடு. ஓலை. மண்சுவர். பட்டா மாதவன் பேருல. எல்லாம் சரியா இருக்கு."

"அது ஆட்டுக் கொட்டகைல்ல?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

முன்வரிசையில் நாற்காலியில் இருந்த பாண்டீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். முப்பது ஏக்கர் மானாவாரி, ரெண்டு போர் கிணறு, மாடி வீடு. "எந்தப் பய சொன்னது? என் மகன் தனிக் குடித்தனம். தனிக் கார்டு. ஓவர்சியரே வந்து பாத்து எழுதிட்டுப் போயிருக்காரு." கேட்ட ஆள் கூட்டத்தில் கரைந்துவிட்டான்.

"சரி, என் வீட்டுக்கு என்ன குறை?" என்றாள் ராமலட்சுமி.

பால்சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓவர்சியர் செல்போனைத் தடவிப் பார்த்து வாசித்தார். "சுவர் பூச்சு செய்யப்பட்டுள்ளது. கூரை ஷீட்டாக மாற்றப்பட்டுள்ளது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உள்ளது. வசதியான குடும்பம்."

"குளிர்சாதனப் பெட்டியா?"

"ஃபிரிட்ஜும்மா."

"என் வீட்லயா? எங்க சார் இருக்கு, நீங்க பாத்தீகளா?"

"பாக்கலை. கலர் ஜில்லுன்னு இருந்துச்சுல்ல? அது எப்பிடி ஜில்லுன்னு இருந்துச்சு?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கா பறந்தது. ராமலட்சுமிக்குக் காது மடல் வரை சுட்டது. விருந்து வைத்தவளைப் பிடித்துத் திருட்டுப் பட்டம் கட்டின மாதிரி இருந்தது. "அது முத்துப்பேச்சி வீட்டு ஃபிரிட்ஜு சார்!" என்றாள். "அது எங்க வீட்டுதுதான் சார்" என்று முத்துப்பேச்சியும் எழுந்து சாட்சி சொன்னாள்.

"இப்ப எல்லாம் இப்பிடித்தான் சொல்லுவீங்க. ஏத்தியாச்சும்மா. கம்ப்யூட்டர்ல ஏறினா எறங்காது."

பாண்டீஸ்வரன் துண்டை உதறிக்கொண்டே சொன்னார்: "ஃபிரிட்ஜு, ஃபேனு, நாலு சேரு. அவளுக்கு என்னய்யா குறை? வத்தல்ல நல்லா ஓடுது யாவாரம்."

மறுநாள் யூனியன் ஆபீஸுக்குப் போனாள். மூணு மேசை மாறி, நாலாவது மேசையில் ஒரு பெரியவர் தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னார். மறு ஆய்வு கேட்கலாம். கேட்டால் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் ஊர்க் கணக்கு பன்னிரண்டு, பன்னிரண்டும் நிரம்பிவிட்டது. ஆவணி முடிவதற்குள் வேலை உத்தரவு போட்டாக வேண்டும், இல்லையென்றால் நிதி திரும்பிப் போய்விடும்.

"ஒண்ணு காலியானா ஒங்க மனுவ எடுத்துக்கலாம்மா."

"எப்பிடி சார் காலியாகும்?"

"தகுதி இல்லைன்னு தெரிஞ்சா காலியாகும்."

"அது ஆட்டுக் கொட்டகைன்னு ஊருக்கே தெரியும் சார்."

"ஊருக்குத் தெரிஞ்சா பத்தாது. பதிவுல வரணும். சம்பந்தப்பட்டவரே ஒத்துக்கிட்டா வேலை சுலபம்."

ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வார்த்தையையே மென்றுகொண்டு வந்தாள். சம்பந்தப்பட்டவரே ஒத்துக்கொள்ள வேண்டும். அதாவது சரக்குக்காரன் வாயாலேயே நொட்டை வர வேண்டும். அட, இதைத்தானே அவள் பதினெட்டு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள்! பந்தல்குடி தாண்டும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பொம்பளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆவணி கடைசி வாரத்தில் ஒரு தூறல் விழுந்தது. அதற்கே பின்சுவரின் ரெண்டு பூச்சுச் சுண்ணாம்பும் கரைந்து ஓடி, சுவர் இன்னும் ஒரு சாண் சாய்ந்தது. பனந்துண்டு முனகியது. மொக்கையன் வத்தல் மூட்டைகளை முத்துப்பேச்சி வீட்டுக்குக் கடத்தினான். "இனி இதுக்கடியில படுக்க முடியாதுடி" என்றான்.

"படுக்க வேண்டாம். நாளைக்கு வீடு மாறுறோம்."

"எங்க?"

"வடக்குத் தெருவுக்கு."

மறுநாள் திங்கட்கிழமை. வேலை உத்தரவு வாங்கப் போகிற வீடுகளில் பழைய குடிசையோடு கடைசிப் போட்டோ எடுக்க ஓவர்சியர் வருகிற நாள். இடிப்பதற்கு முன் ஒரு படம், இடித்த பின் ஒரு படம் என்பது விதி. அவருடைய பைக் சத்தம் ஊர் எல்லையில் கேட்டதும் ராமலட்சுமி அண்டா, குண்டா, பாய், மண்ணெண்ணெய் விளக்கு, சாமி படம் எல்லாவற்றையும் மொக்கையன் தலையிலும் தன் இடுப்பிலுமாக ஏற்றிக்கொண்டு பட்டப் பகலில் வடக்குத் தெரு வழியாக நடந்தாள். முத்துப்பேச்சி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "குடி போறோம், வாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். குடி போவதை யார் தடுப்பார்கள்? நாலு பொம்பளைகள் கூடவே வந்தார்கள்.

பாண்டீஸ்வரன் மாடி வீட்டுக்குப் பின்னால் அந்தக் கூரை நின்றது. உள்ளே பதினொரு வெள்ளாடும் ஒரு கிடாயும். ராமலட்சுமி படலைத் திறந்து ஆடுகளை மரியாதையாக வெளியே ஓட்டினாள். சாமி படத்தைச் சுவரில் மாட்டினாள். மூணு கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, பானையில் பாலை ஊற்றி வைத்தாள்.

ஆடுகளின் கூச்சல் கேட்டு பாண்டீஸ்வரன் பல்குச்சியும் வாயுமாக ஓடி வந்தார். அதே நேரம் தெருப்பக்கமிருந்து ஓவர்சியரும் பால்சாமியும் உள்ளே நுழைந்தார்கள்.

"ஏய், ஏய்! என்ன பண்ற இங்க?"

"பால் காய்ச்சுறேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி என்ற வார்த்தை ஏற்கெனவே அவருக்கு ஆகாது. அவளுடைய மாமனார் ஐயா என்றுதான் கூப்பிடுவார். வத்தல் வியாபாரத்துக்கு வந்ததிலிருந்து இவள் ஊரில் எல்லோரையும் அண்ணாச்சி ஆக்கிவிட்டாள்.

"யாரக் கேட்டு உள்ள வந்த?"

"மாதவன் தம்பி மதுரையில இருக்காப்ல. அவுக வீடு சும்மா கெடக்கு. எங்க சுவரு நேத்து சாஞ்சிருச்சு. ஒரு மாசம் வாடகைக்கு இருந்துக்கலாம்னு வந்தேன். வாடகைய நீங்களே சொல்லுங்க."

அவ்வளவுதான் பேசினாள். அப்புறம் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களத்தில் வத்தல் குவியலுக்கு முன்னால் உட்காருகிற மாதிரி, சும்மா இருந்தாள்.

ஓவர்சியர் நின்றார். பால்சாமி நின்றார். பொம்பளைகள் நின்றார்கள். முத்துப்பேச்சியின் செல்போனும் நின்றது. பாண்டீஸ்வரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கிடாய் மட்டும் ஒரு தடவை செருமியது. அந்தச் சும்மா ஒரு நிமிஷம் தாங்கியது, ஒன்றரை நிமிஷம் தாங்கியது.

"இதென்ன மனுசன் இருக்குற எடமா?" என்று வெடித்தார் பாண்டீஸ்வரன்.

ராமலட்சுமி அடுப்பில் ஒரு சுள்ளியை வைத்தாள்.

"ஆட்டுப் புழுக்கை நாறுது, மூத்திரம் நாறுது. உண்ணி கடிச்சுத் தின்னுரும்."

சுள்ளி எரிந்தது.

"எங்கப்பா காலத்துலேருந்து ஆடு கட்டுற எடம்! இதுல எவன் குடியிருந்தான்? எம்மகன் எட்டிக்கூடப் பாத்ததில்லை! போ, போய் வேற எடம் பாரு. ஆட்டுக் கொட்டகையில குடி வந்துட்டாளாம், குடி!"

பால் பொங்கியது. பொம்பளைகள் வழக்கப்படி குலவை போட்டார்கள். நல்ல சகுனம்தானே.

பாண்டீஸ்வரன் சொன்னது தன் காதிலேயே விழுந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். பல்குச்சி வாயிலிருந்து விழுந்தது. ஓவர்சியருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மதினி, எல்லாம் நல்லாப் பதிவாயிருக்கு" என்றாள் முத்துப்பேச்சி. "சத்தங்கூடத் தெளிவா இருக்கு."

அதற்கப்புறம் நடந்த பஞ்சாயத்து அந்த ஆட்டுக் கொட்டகை வாசலிலேயே நடந்தது. ஓவர்சியர் தயவாகப் பேசினார். வீடியோ கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் தன் வேலைக்கு உலை; பாண்டீஸ்வரனுக்கும் மானக்கேடு. மாதவன் பெயரை எடுத்துவிட்டு ராமலட்சுமி பெயரைப் போட்டுவிடலாம். சுண்ணாம்பு மழையில் கரைந்துவிட்டதால் சுவர் மறுபடி மண்சுவராகிவிட்டது. பிளெக்ஸை அவிழ்த்துவிட்டால் கூரை மறுபடி ஓலையாகிவிடும்.

"ஃபிரிட்ஜு?" என்றாள் ராமலட்சுமி.

ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். "அதுதாம்மா சிக்கல். இருக்குன்னு ஏத்துனத இல்லைன்னு மாத்த முடியாது. அப்பிடி மாத்துனா நான் பொய்யா ஏத்துனதா ஆயிரும்."

"பொய்யாத்தான சார் ஏத்துனீங்க?"

"அது வேற. இப்ப ஒரே வழிதான். ஃபிரிட்ஜ் இருந்துச்சு, வித்துட்டீங்க, இப்ப இல்லைன்னு போடலாம்."

"இல்லாத ஃபிரிட்ஜ எப்பிடி சார் விப்பேன்?"

"நீங்க வத்தலே விக்கிறீங்க, இது முடியாதா?" என்று பால்சாமி தாளை எடுத்தார். "வாங்குனவுக கையெழுத்து ஒண்ணு வேணும். அவ்வளவுதான்."

எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி பாண்டீஸ்வரனைப் பார்த்தார்கள்.

"நான் எதுக்குய்யா? எங்க வீட்ல ரெண்டு ஃபிரிட்ஜு இருக்கு!"

ராமலட்சுமி மறுபடி சும்மா இருந்தாள். முத்துப்பேச்சி செல்போனைத் துடைத்தாள்.

"சரி, சரி, எழுதித் தொலைங்க."

பால்சாமி எழுதினார். "என்ன கம்பெனி? எத்தனை கதவு? என்ன நிறம்?" முத்துப்பேச்சி தன் வீட்டு ஃபிரிட்ஜை நினைத்துக்கொண்டு, "ஒத்தக் கதவு, செவப்பு, மேல பூப் போட்டிருக்கும்" என்றாள். "விலை?"

"ரெண்டாயிரம்னு போடுங்க" என்றார் பாண்டீஸ்வரன்.

அதுவரை வாயைக் கட்டியிருந்த ராமலட்சுமிக்கு அதைக் கேட்டதும் பொறுக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, ஓடுற ஃபிரிட்ஜு! ரெண்டாயிரத்துக்கு இரும்புக்குத்தான் போடணும்."

"அது பழசு. கரண்டு இழுக்கும்."

"யாரு சொன்னா? ஓவர்சியர் சாரக் கேளுங்க. கலர் எப்பிடி இருந்துச்சு சார்?"

"ஜில்லுன்னு இருந்துச்சு" என்றார் ஓவர்சியர், அறியாமல்.

"கேட்டீகளா? அஞ்சாயிரம்."

"கதவு ரப்பரு போயிருக்கும். மூவாயிரம்."

"ரப்பரு புதுசு. போன தையிலதான் மாத்துனது. நாலரை."

மொக்கையன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தன் வீட்டில் அப்படி ஒரு ஃபிரிட்ஜ் இருந்து, அதைத் தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாலாயிரத்தில் பேரம் படிந்தது. பால்சாமி எழுதினார், பாண்டீஸ்வரன் கையெழுத்துப் போட்டார், ராமலட்சுமியும் போட்டாள். பணம் கைமாறவில்லை, பொருளும் கைமாறவில்லை. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது பாண்டீஸ்வரன் நாலாயிரம் நஷ்டப்பட்டவர் மாதிரியே நடந்தார்.

ஆவணி முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் வேலை உத்தரவு ராமலட்சுமி கைக்கு வந்தது. நிதி திரும்பிப் போகவில்லை. பன்னிரண்டும் நிரம்பின. மற்றப் பதினொன்றில் எத்தனை குடிசை, எத்தனை கொட்டகை என்று அவள் கேட்கவில்லை. தன் மூட்டை விலைபோன பிறகு அடுத்தவன் மூட்டையைப் பிரிக்கச் சொல்கிற வியாபாரி உண்டா? ஆனால் தெற்குத் தெருவில் அவள் வீட்டுக்கு எதிரில் சோலையம்மாள் இன்னும் ஓலைக்கடியில்தான் இருக்கிறாள், பெயர் பட்டியலில் இல்லை, அவள் வீட்டில் யாருக்கும் பேரம் பேசத் தெரியாது. அதைப் பார்க்கும்போது மட்டும் ராமலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்த வருஷக் கணக்கு வரட்டும், இவளுக்கும் சும்மா உட்காரச் சொல்லிக் கொடுக்கலாம் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

பழைய வீட்டை இடிக்கக் கடப்பாரையோடு போனான் மொக்கையன். கடப்பாரைக்கு வேலையில்லை. பனந்துண்டை உருவினான், பின்சுவர் தன்னால் படுத்துக்கொண்டது. இத்தனை நாள் இதற்கடியிலா படுத்திருந்தோம் என்று மொக்கையன் பனந்துண்டைத் தடவிக் கொடுத்தான்.

அஸ்திவாரம் எழும்பி, பேஸ்மென்ட் முடிந்ததும் போட்டோ எடுக்க ஓவர்சியர் வந்தார். அதை ஏற்றினால்தான் அடுத்த தவணை வரும். ஐப்பசி பிறக்கிற நேரம். ஆனால் மழைக்கு முந்தின புழுக்கத்தில் ஊரே வெந்தது. நாலு மூலையிலும் படம் எடுத்து முடித்து, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஓவர்சியர் ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலி இல்லை.

"தண்ணி இருக்குமாம்மா?"

ராமலட்சுமி சொம்பை நீட்டினாள். காலையிலிருந்து வெயிலில், மணல் குவியலின் மேல் வைத்திருந்த சொம்பு. ஓவர்சியர் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். கஞ்சி வடிக்கலாம் போலிருந்தது.

"சுடுதும்மா. கொஞ்சம் ஜில்லுன்னு எதாச்சும் இருக்கா?"

பால்சாமி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் அண்ணாச்சிக்கு வித்தாச்சு சார்" என்றாள் ராமலட்சுமி.